ஆறு நிமிடம் இருபது வினாடி

ஜனவரி 22, திங்கள்

இரும்பு அறுக்கும் கட்டிங் வீல் லோடு வந்தது. நாலு பெட்டி நசுங்கியிருந்தது, திருப்பி அனுப்பினேன். டிரைவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். போகட்டும். நசுங்கிய வீலை விற்றால் எவன் கண்ணிலாவது தெறிக்கும். அவன் என் வெல்டிங் சாமான் கடை வாசலில் வந்துதான் நிற்பான்.

மதியம் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் அம்மாள் வந்தார். பெயர் ஷமீமா. கதிர்வீச்சுக்கு நடுவில் வேலை பார்ப்பவர்களின் ரத்தத்தை எடுத்து, உள்ளே இருக்கும் மரபணு எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியாம். துவாக்குடியில், கடையோடு நான் நடத்துவதையும் சேர்த்து, வெல்டிங் சரியா என்று படம் பிடித்துப் பார்க்கும் கம்பெனி ஒன்பது. ஏழு இடத்தில் 'ஓனர் ஊரில் இல்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். ஓனரே சொல்லியிருப்பார்.

நான் சரி என்றேன். தர்மத்துக்கு இல்லை. பெரிய தொழிற்சாலைக்காரர்கள் இப்போது வேலை கொடுக்கும் முன் தொழிலாளர் உடல்நலத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஊசி குத்திய இடத்தில் ஒரு துண்டுப் பஞ்சு, பதிலுக்குக் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம். வேறு எந்தச் சந்தையில் இந்த விலைக்குக் கிடைக்கும்?

ஜனவரி 25, வியாழன்

ரத்தம் எடுத்தார்கள். கேமரா பிடிக்கும் ஐந்து பேரும் கொடுத்தார்கள். எங்கள் கேமரா போட்டோ பிடிப்பது இல்லை. பூசணிக்காய் அளவுக் கனத்த பெட்டி. உள்ளே மிளகளவு இரிடியம். அதைக் குழாய் வழியாக வெளியே தள்ளினால், இரும்பைத் துளைத்துக்கொண்டு வெல்டிங்கின் உட்புறத்தைப் பிலிமில் காட்டும். பிறகு கைப்பிடியைச் சுற்றி அதைப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கும் நேரம் முழுவதும் அது எரிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சுடாது, மணக்காது.

முதலில் உட்கார்ந்தவன் இன்னாசிமுத்து. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை.

"இப்பவே நல்லா எடுத்துக்குங்க டாக்டரம்மா. அடுத்த மாசம் தவக்காலம். அப்புறம் குத்துனா கஞ்சித்தண்ணிதான் வரும்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஒரு காலத்துல இந்த வேலை பாத்தவர்தானாமே? கையை நீட்டுங்க சார்."

கடைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். எழுந்து போனேன்.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரு பாய்லர் குழாய்க்கு நாற்பது பிலிம். இன்னாசி விளக்குப்பெட்டி முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். பத்தொன்பதாவதில் நிறுத்தினான்.

"இது ஏகாம்பரம் ஒட்டுனது."

"பேரா எழுதியிருக்கு?"

"எழுதுன மாதிரிதான். முடிக்கிற எடத்துல கையை ஒரு வெட்டு வெட்டுவான் பாரு, அங்க ஒரு ஊசிமுனைப் பொத்தல் விழும். பொண்டாட்டியோட சண்டை போட்ட அன்னைக்கு ரெண்டு விழும்."

அந்தப் பிலிமில் இரண்டு இருந்தது. மாலையில் வெல்டர் ஏகாம்பரத்தை டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நான் விற்பவன். சரக்கைக் கையில் எடுத்தால் தரம் தெரியும் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆனால் கறுப்பும் சாம்பலுமாக ஒரு துண்டுப் பிலிமைப் பார்த்து, ஒட்டியவன் வீட்டுச் சங்கதியைச் சொல்லும் கண் இந்தத் திருச்சி ஜில்லாவில் ஒன்றுதான் இருக்கிறது. அது என்னிடம் வேலை பார்க்கிறது.

பிப்ரவரி 14, புதன்

இன்னாசி நெற்றியில் சாம்பலோடு வந்தான், இன்று தவக்காலம் ஆரம்பம். நாற்பது நாளைக்குக் கறி இல்லை, பிராந்தி இல்லை. டீயோடு எனக்கென்று வாங்கிய கேசரியையும் அவனே தின்றான்.

மார்ச் 4, திங்கள்

டாக்டர் ஷமீமா நேரில் வந்தார். போனில் சொல்லக் கூடாது என்று வந்தாராம். 

நான்கு பேருடைய ரத்தத்தில் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதல் உடைசல். இன்னாசியுடையது அப்படி இல்லை. ஒரு படத்தைக் காட்டினார். வண்ண நூல் துண்டுகள் போலக் குரோமோசோம்கள். ஒரு மஞ்சள் துண்டின் முனையில் பச்சை ஒட்டியிருந்தது.

"உடைஞ்ச துண்டு தப்பான எடத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. சில வகை உடைசல் நாலஞ்சு வருசத்துல மறைஞ்சிடும். இது அப்படி மறையாது, வருசக்கணக்கா நிக்கும். இவர் உடம்புல இது நெறைய இருக்கு. ஆனா இவரோட பேட்ஜ் ரிப்போர்ட்ல பெருசா ஒண்ணுமே இல்லையே சார்? இருபத்திரண்டு வருசமா சுத்தமா இருக்கு."

பேட்ஜ் என்பது மார்பில் குத்திக்கொள்ளும் சின்ன அட்டை. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பினால் அளந்து சொல்வார்கள்.

"மறதிக்காரன். எங்கயாவது கழட்டி வெச்சிருப்பான்" என்றேன்.

"இருபத்திரண்டு வருசமுமா?" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்னாசியைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன்: முதுகுவலிக்கு, தலைவலிக்கு என்று ஏழெட்டுத் தடவை ஸ்கேன் எடுத்ததாகச் சொல்லிவிடு. ஸ்கேனிலும் கதிர் உண்டுதானே. யாருக்கும் நஷ்டமில்லை.

அவன் டீயைக் கீழே வைத்தான்.

"ஓனரே, நீ வெல்டிங் ராடு விக்கிறதோட நிறுத்திக்க. பேட்ஜ் பொய் சொல்லுது, ரத்தம் நெசம் சொல்லுது. அந்தம்மா எதைத் தள்ளுவாங்க? ரத்தத்தைத்தான். இந்த ஆளு கணக்குல சேராதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. இல்ல, பேட்ஜை நம்புனாங்கன்னு வையி. இத்தனூண்டு கதிருக்கே மனுசன் இவ்வளவு ஒடஞ்சு போறான்னு எழுதுவாங்க. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற புள்ளைங்கள்லாம் பயந்து சாவும்."

"அதுக்கு?"

"அதுக்கு நெசத்தைச் சொல்லணும். எவ்வளவு பட்டுச்சுன்னு சரியாச் சொல்லணும்."

"சொன்னா ஒன்னைய மறுபடி கேமராகிட்ட விட மாட்டாங்க. எனக்கு லைசென்ஸ் போயிரும். நாலு பேரு வீட்ல ஒக்காரணும்."

"தெரியும்யா பழம்."

என் பெயர் பழமலை. நான் முதலாளி ஆவதற்கு முன்னால் ஏழு வருடம் இருவரும் ஒரே ரூமில் கிடந்தோம். கோபம் வந்தால்தான் அவன் 'பழம்' என்பான். ரொம்பப் பாசம் வந்தாலும் அதுதான்.

மார்ச் 6, புதன்

உள்ளதை எழுதிவிடுகிறேன். பேட்ஜ்கள் அலுவலகத்தில் பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். வேலைக்குப் போகும்போது யாரும் மாட்டிக்கொள்வதில்லை. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். அளவு கூடிவிட்டால் ஏன் என்று கேட்டு அரசாங்கத்திலிருந்து கடிதம் வரும். அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்வார்கள். ஆணிக்குக் கடிதம் வராது.

கழற்றி வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை. மாட்டிக்கொள்ளச் சொல்லியும் சொன்னதில்லை.

இன்று ஐந்தையும் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். "என்ன விசேசம் மொதலாளி?" என்றார்கள். இன்னாசி தன்னுடையதைச் சட்டையில் குத்திக்கொண்டு, "கலெக்டர் மாதிரி இருக்கேனா?" என்றான்.

மார்ச் 10, ஞாயிறு

டாக்டர் அம்மாளும், கதிரளவு கணக்குப் போடுகிற ஒருவரும் வந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் பின்முற்றத்தில் கூத்து ஆரம்பம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு உரத் தொழிற்சாலை வேலையில் இரிடியம் மாட்டிக்கொண்டது. மேலிருந்து ஒரு குழாய் விழுந்து, கேமராக் குழாயை நசுக்கிவிட்டது. இழுத்தால் உள்ளே வரவில்லை. இன்னாசி கிட்டே போய் அதை விடுவித்தான். அந்த ஒரு சம்பவத்தில்தான் பெரிய அளவு பட்டிருக்கும் என்று அவனே டாக்டரிடம் சொல்லிவிட்டான். இன்று அதை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். நிஜ இரிடியத்துக்குப் பதில் ஒரு ஆணித்தலை.

இரும்புக் குழாயைக் கேமராக் குழாயின் மேல் கிடத்தினான். "இல்ல, இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம்" என்று நகர்த்தினான். கடப்பாரையை எடுத்தான். கணக்குக்காரர் கடிகாரத்தை அமுக்கினார்.

ஒரு பக்கம் சாய்ந்து, முகத்தைத் திருப்பி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். விலகி ஓடி ஒரு மூச்சு வாங்கினான். மறுபடி போனான். மூன்றாவது தடவை குழாய் உருண்டது. நசுங்கிய இடத்தைக் குறட்டால் பிடித்து நிமிர்த்தினான். பின்னால் ஓடிக் கைப்பிடியைச் சுற்றினான்.

ஆறு நிமிடம் இருபது வினாடி.

"இன்னொரு தடவை செய்ய முடியுமா?" என்றார் அவர்.

செய்தான். ஆறு பதினெட்டு. மூன்றாவது தடவை ஆறு இருபத்தொன்று. கணக்குக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வயது ஆள், தவக்கால வயிறு, மார்ச் மாத வெயில். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஆறு நிமிடத்தை உடம்பிலிருந்து எடுத்து மூன்று தடவை வைத்தான். மூன்றும் ஒரே அளவு. மூச்சு வாங்க ஓடிய காலடிக் கணக்குகூட மாறவில்லை.

"அந்த மாதிரி நேரத்துல கிட்ட போகக்கூடாது, சுத்திலும் கயிறு கட்டிட்டு வெளிய வந்து தகவல் சொல்லணும்னுதானே விதி?" டாக்டர் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்டு ஆளுங்க நூறு பேரு உள்ள வந்துருவாங்க. விதியைப் பாக்குறதுக்கு மணி ஒண்ணே முக்கால் ஆயிருச்சு."

"உங்ககூட யார் இருந்தாங்க?"

"யாருமில்ல. தனியாத்தான்."

தூரம் அளக்கும் டேப்பின் மறுமுனை என் கையில் இருந்தது.

மார்ச் 11, திங்கள்

மழை வருவதுபோல இருந்து வரவில்லை. வேறொன்றுமில்லை.

மார்ச் 16, சனி

இன்னாசியும் அவன் மனைவி ரெஜினாவும் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டர் விவரம் சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருய்யா" என்றான் இன்னாசி.

ஒரு வருடத்தில் படலாம் என்று வைத்திருக்கும் அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் அந்த ஆறு நிமிடத்தில் பட்டிருக்கிறது. ரத்தம் சொன்னதும் நடித்துக் காட்டியதில் வந்த கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

"அப்ப கேன்சரா?" என்றாள் ரெஜினா. நேராகக் கேட்டாள்.

"இப்ப இல்லம்மா. பாத்தாச்சு. மத்தவங்களைவிட வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட. வராமலே எண்பது வயசு வரைக்கும் இருந்தாலும் இருப்பார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கணும். இனிமே கேமராவைத் தொடக்கூடாது."

"புள்ளைக்கு?"

"உங்க பொண்ணு அதுக்கு முன்னாடியே பொறந்தாச்சு. பின்னாடி பொறந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். அப்பா உடம்புல பட்டது பிள்ளைங்களுக்குப் போனதா மனுசங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் உறுதியாக் காட்டல."

இன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியாய்யா? தெரியாமப் போச்சே."

ஏன் அப்படிச் சொன்னான் என்று ரெஜினா கேட்கவில்லை. 

போகும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "இவர் பேரை நான் எங்கயும் வெளிய சொல்ல மாட்டேன், அது ஆராய்ச்சி விதி. ஆனா அரசாங்கப் பதிவேட்டுல இவரோட அளவு திருத்தப்படணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணு வந்தா, இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல அவருக்கு ஒரு காகிதம் வேணும். அதைக் கம்பெனிதான் எழுதிக் குடுக்கணும். உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

அதிகாரம் இருந்திருந்தால் ஏதாவது வாய்தா வாங்கியிருப்பேன்.

மார்ச் 20, புதன்

இன்னாசி தன் வாக்குமூலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பள்ளிக்கூட நோட்டுத் தாள், உருண்டை எழுத்து. கீழே நான் கையெழுத்திட வேண்டும்.

'மேற்படி சம்பவத்தின்போது நான் மட்டும் இருந்தேன். பேட்ஜை நானே கழற்றி வைத்திருந்தேன். முதலாளிக்கு இதுபற்றித் தெரியாது.'

"இப்படியே அனுப்பு. ஒன் லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆவாது. தொழிலாளி தப்புன்னு போயிரும். நான் எப்படியும் இனிமே கேமரா தொடப்போறது இல்ல, எம்மேல என்ன தண்டனை வந்து என்ன?"

"கும்பிடுற சாமிக்கு அடுக்குமாய்யா, தவக்காலத்துல பொய்யி?"

"பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு சரக்கு வேணும்ல. ஒவ்வொரு வருசமும் கெட்ட வார்த்தை பேசுனேன், கெட்ட வார்த்தை பேசுனேன்னு சொல்லி சாமியாருக்கே சலிச்சுப் போச்சு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். முதலாளி ஆனதிலிருந்து எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். எனக்கு இவ்வளவு சாதகமாக எதிராளி ஒருவன் தானே எழுதிக் கொண்டுவந்து வைத்தது இதுவே முதல் தடவை. பேனா மூடியைத் திறந்து, மூடி, அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வியாழன்

அந்த ஞாயிற்றுக்கிழமையை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2012 ஆகஸ்ட், அந்த உரத் தொழிற்சாலை. கேமரா வாங்கி ஐந்து மாதம். உதவிக்கு வரவேண்டியவன் வரவில்லை, நானே போனேன். காலையில் வண்டியை விட்டு இறங்கும்போது இன்னாசி சட்டையில் பேட்ஜ் இருந்தது. 'இந்த மூன்று மாதத்தில் ஏற்கெனவே நிறைய ஏறியிருக்கும், கொடு' என்று நான்தான் கழற்றினேன். என்னுடையதையும் சேர்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். ஆணி வழக்கம் எங்கள் கம்பெனியில் அன்றுதான் ஆரம்பித்தது. அதற்கு முன் நாங்கள் வேலை பார்த்த இடத்தில் இருந்தது, ஆனால் இங்கே கொண்டுவந்தவன் நான்.

குழாய் விழுந்தது. இழுத்தேன், வரவில்லை. அளவுக் கருவியின் முள் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நானும் கிளம்பினேன். அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

"எனக்கு ஒண்ணு இருக்கு. ஒனக்கு இன்னும் இல்ல. போயி அந்தச் செவுத்துக்குப் பின்னால நில்லு."

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் குழந்தை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி என்று நானும் தமிழரசியும் அலைந்த வருடம் அது. கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது, பிறந்தாலும் சரியாக இருக்காது என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்பிய பேச்சு. அவனும் நம்பினான். நம்பித்தான் போனான்.

நான் போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றேன். இரண்டடி கனமான கான்கிரீட் சுவர். ஆறு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அன்று கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

இரண்டு வாரத்தில் அவன் வலது கை விரல்கள் தோலுரிந்தன. வெந்நீர் பட்டுவிட்டது என்று ரெஜினாவிடம் சொல்லச் சொன்னேன். களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் எங்களுக்குப் பூவிழி பிறந்தாள். இன்னாசி ஒரு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தான். இந்தப் பேச்சை அவன் அன்றும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. சம்பளம் கூட்டிக் கேட்ட நாட்களில்கூட எடுக்கவில்லை. என் கையில் இப்படி ஒரு துருப்புச் சீட்டு இருந்திருந்தால் மூன்றாம் மாதமே இறக்கியிருப்பேன்.

மார்ச் 22, வெள்ளி

அவன் தாளைக் கிழித்தேன். கம்பெனித் தாளில் நானே எழுதினேன். நான் உடன் இருந்தேன். பேட்ஜை நான் கழற்றினேன். தகவல் சொல்லாமல் மறைத்தது நான். முத்திரை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நகலை இன்னாசியிடம் கொடுத்தேன்.

வாசித்தான். காது சிவந்துவிட்டது.

"அறிவிருக்காய்யா பழம் ஒனக்கு? நாலு பேரு சோத்துல மண்ணைப் போட்டுட்டு வந்து நிக்கிற?"

"அந்த நாலு பேரு ரத்தத்துலயும் உடைசல் கூடுதலாத்தான இருக்கு?"

 நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே போய், என் வண்டிச் சக்கரத்தை ஓர் உதை உதைத்தான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு கேமராவுக்கும் சீல். விசாரணை முடிய எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லவில்லை. இன்னாசியின் பதிவேட்டைத் திருத்த எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். இன்று நானும் டாக்டர் அம்மாளுக்கு ரத்தம் கொடுத்தேன்.

பிலிம் பார்க்க லைசென்ஸ் வேண்டாம், கேமரா வேண்டாம், கதிரும் இல்லை. விளக்குப்பெட்டியும் கண்ணும் போதும். மற்ற எட்டுக் கம்பெனிக்கும் போய், 'உங்கள் பிலிமை இன்னாசி பார்த்துக் கொடுப்பான்' என்றேன். ஐந்து பேர் அங்கேயே சரி என்றார்கள். ஒருவர், "அவர் பாத்தா எல்லாத்தையும் தப்புன்னுடுவாரேங்க" என்றார். அவரையும் எழுதிக்கொண்டேன், அவருக்குத்தான் அவசியம். கேமராப் பையன்கள் நாலு பேரும் இப்போதைக்குக் கடையில் நிற்கிறார்கள். ராடு விற்கத் தெரியாமல் திணறுகிறார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கேமரா ஏன் போயிற்று என்று தமிழரசி ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். சுவருக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

அடுப்பை அணைத்தாள். விரல்விட்டு மாதம் எண்ணினாள். ஆகஸ்டிலிருந்து ஆரம்பித்து, பூவிழி பிறந்த மாதத்தில் வந்து நின்றாள்.

"அவரு எத்தனை தடவ இங்க வந்திருக்காரு. வேலைக்காரருன்னு வாசப்படியில ஒக்கார வெச்சு டீ குடுத்திருக்கேனேங்க. ஒரு தடவகூட உள்ள வாங்கண்ணேன்னு கூப்புட்டதில்லையே. ஏங்க, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

  பூவிழிக்குத் தலை வாரிவிட்டாள். எங்கே போகிறோம் என்று கேட்ட குழந்தையிடம், "வா" என்று மட்டும் சொன்னாள். மூவரும் ஒரே வண்டியில் போனோம்.

இன்னாசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால? ஓனரு அடிச்சிட்டாரா?"

தமிழரசி சிரிக்கவில்லை. பூவிழியின் இரண்டு தோளையும் பிடித்து அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துக்கங்கண்ணே" என்றாள்.

இன்னாசி என்னைப் பார்த்தான். பிறகு கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, குனிந்து பூவிழியைப் பார்த்தான். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.